டிரிப்சின் டைரோசினுக்கு அடுத்தும் வெட்டுகிறது: ஏன்?

கேள்வி:
டிரிப்சின், கைமோடிரிப்சின் இரண்டும் புரதத்தை வெட்டும் நொதிகள், செரின் புரோட்டியேஸ் குடும்பம். மடிப்பும் ஒன்று; ஹிஸ்டிடின் 57, அஸ்பார்டேட் 102, செரின் 195 என்ற, வெட்டும் வேலையைச் செய்யும் மூன்று அமினோ அமிலங்களும் அதே எண்களில். பிறகு வெட்டும் இடம் மட்டும் ஏன் மாறுகிறது? எங்கள் டிரிப்சின் கேசினை (பால் புரதம்) டைரோசினுக்கு அடுத்தும் வெட்டியிருக்கிறது. பி.எச். 8 டிரிஸ் கரைசலில் காலையில் கரைத்து வெளியே வைத்தால், மாலைக்குள் வேகமும் பாதியாகிறது.

பதில் 1:
முதலில் எண்: அது கைமோடிரிப்சினோஜனின் (கைமோடிரிப்சினின் முன்வடிவம்) எண் வரிசை. டிரிப்சின் சங்கிலியை நேராக எண்ணினால் அந்தச் செரின் 195-இல் வராது. ஒப்பிட வசதியாக இரவல் வாங்கியது.

கத்தி ஒன்றுதான், பிடி வேறு. செரினுக்குப் பக்கத்தில் எஸ்1 என்ற குழி. டிரிப்சினில் அதன் அடியில் 189-இல் அஸ்பார்டேட், எதிர்மின்னூட்டம். அதனால் லைசினும் ஆர்ஜினினும் வந்து உட்காரும். கைமோடிரிப்சினில் அங்கே செரின். ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபான் போன்ற வளையங்கள் நுழையும். அதே குடும்பத்து எலாஸ்டேஸில் 216-இல் வாலினும் 226-இல் திரியோனினும் குழியை அடைப்பதால் அலனின் மாதிரி சிறியவைதான் பொருந்தும். ஆனால் 189-ஐ மட்டும் செரினாக மாற்றினால் டிரிப்சின் கைமோடிரிப்சின் ஆகிவிடாது. குழியைத் தொடாத மேற்பரப்பு வளைவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது என்று 1992-இல் காட்டினார்கள்.

பதில் 2:
டைரோசின் வெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கைமோடிரிப்சின் கலப்படம். இரண்டும் ஒரே கணையத்திலிருந்து வருபவை. டிபிசிகே என்ற தடுப்பான் போட்டுப் பதப்படுத்திய டிரிப்சின் வாங்குங்கள். டிபிசிகே கைமோடிரிப்சினின் ஹிஸ்டிடின் 57-இல் ஒட்டி அதை முடக்கும், டிரிப்சினை விட்டுவிடும்.

வேகம் குறைவது தன்னைத் தானே தின்பதால். பி.எச். 8 அதற்கு மிகப் பிடித்த இடம், வெளியே வைத்தால் கேட்கவே வேண்டாம். மூலக்கரைசலை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (பி.எச். 3) கரைத்து ஐஸில் வையுங்கள், வினைக்கரைசலில் 20 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கட்டும். பாதி தின்ற டிரிப்சினுக்கும் கைமோடிரிப்சின் குணம் வரும். ஆகவே பதப்படுத்திய சரக்கும் பழசானால் இதே கோளாறு செய்யும்.

கேள்வி கேட்டவர்:
டிபிசிகேவுக்குப் பதில் பிஎம்எஸ்எஃப் என்ற இன்னொரு தடுப்பானைப் போட்டால்?

பதில் 2:
வேண்டாம். அது செரின் 195-இல் ஒட்டும். டிரிப்சின், கைமோடிரிப்சின் இரண்டும் சேர்ந்தே சாகும்.

பதில் 3:
வேகத்தை பாப்னாவால் (டிரிப்சின் வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் செயற்கைப் பொருள்) அளவிடுங்கள், கேசின் வேண்டாம்; கைமோடிரிப்சின் பாப்னாவை ஏறக்குறைய தொடாது. 43.5 மி.கி. பாப்னாவை முதலில் 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பிறகு கால்சியம் சேர்த்த டிரிஸ் (பி.எச். 8.2) விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். 25 டிகிரிக்குக் கீழே போனால் வீழ்படிவாகிவிடும். ஏசி அறையில் இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மஞ்சள் நிறத்தை 410 நானோமீட்டரில் படியுங்கள்.