அப்பாவின் குடல் கட்டி ரிப்போர்ட்டில் 'லிம்போசைட் நிறைய' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பட்டர்வொர்த் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் ஜார்ஜ்டவுனில் ஆப்பரேஷன் செய்து பெருங்குடலின் வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பதாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது, டாக்டரைப் பார்க்கத்தான் இன்னும் நாள் இருக்கிறது. டி3 என்0, அதாவது இரண்டாம் கட்டம், 19 நிணநீர்க் கணுக்களிலும் புற்று இல்லை என்பது வரை புரிந்தது. கீழே, கட்டிக்குள் லிம்போசைட்டுகள் நிறைய என்று ஒரு வரி. கூகுளில் தட்டினால் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று என்று வருகிறது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

செந்தூல் அக்கா:
தங்கச்சி, முதலில் கூகுளை மூடுங்கள். லிம்போமா வேறு, இது வேறு. நான் கோலாலம்பூரில் பதாலஜி லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை, அதையும் மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கட்டியை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். புற்றுச் செல்கள் பெரிதாக, கோணல்மாணலாக இருக்கும். நோய் எதிர்ப்புச் செல்லான லிம்போசைட் சின்னதாய், உருண்டையாய், கரு ஊதாவில் தெரியும். சில ஸ்லைடில் தேடினாலும் அகப்படாது. சிலவற்றில் புற்றுச் செல்களுக்கு நடுவிலேயே கடுகைக் கொட்டியது மாதிரி இறைந்து கிடக்கும். அப்பாவுடையது இந்த இரண்டாவது ரகம் போலிருக்கிறது. பெருங்குடல் புற்றில் இது பெரும்பாலும் நல்ல பக்கம்தான்.

2006இல் பாரிஸில் ஜெரோம் கலோன் குழுவினர் இந்தச் செல்களின் வகை, எண்ணிக்கை, இருக்கும் இடம் மூன்றையும் வைத்து நோயாளியின் போக்கைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் இம்யூனோஸ்கோர். கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் சிடி3, சிடி8 என்ற அடையாளம் உள்ள லிம்போசைட்டுகளை எண்ணுவார்கள். 2018இல் 13 நாடுகளின் 2,681 நோயாளிகளை வைத்துச் சரிபார்த்தபோது, ஸ்கோர் உயர்ந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. அப்பா ரிப்போர்ட்டில் இருப்பது அந்த ஸ்கோர் அல்ல, பதாலஜிஸ்ட் கண்ணால் பார்த்து எழுதிய வரி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வரியோடு நிற்க மாட்டேன். 'எம்எம்ஆர் டெஸ்ட் செய்தாச்சா?' என்று கேட்பேன். எம்எம்ஆர் என்பது செல் தன் டிஎன்ஏ பிழையைத் திருத்தும் வேலை. அதற்கு நான்கு புரதங்கள் இருக்கின்றன: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இவற்றில் ஒன்று இல்லாமல் போனாலும் கட்டியில் பிழைகள் குவியும், விநோதமான புரதங்கள் உண்டாகும், லிம்போசைட்டுகள் மோப்பம் பிடித்து உள்ளே வரும். பெருங்குடல் புற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் இந்த வகை, வலது பக்கத்தில்தான் அதிகம். வயது, பக்கம், லிம்போசைட் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேட்காமல் விடக்கூடாது.

ஜாலான் ஈப்போ ரவி:
அப்படியென்றால் எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் போதுமே? என் மச்சானிடம் ஒரு காளான் பவுடர் இருக்கிறது, போத்தல் 180 வெள்ளிதான்.

செந்தூல் அக்கா:
தம்பி ரவி, கட்டிக்குள் எந்தச் செல் நுழையும் என்பதைப் போத்தல் தீர்மானிக்காது. மச்சான் வியாபாரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளட்டும்.

பட்டர்வொர்த் மகள்:
நன்றி அக்கா. எம்எம்ஆர் பற்றி ரிப்போர்ட்டில் ஒன்றும் காணோம். இனிமேல் செய்ய முடியுமா? கீமோ தேவைப்படுமா?

செந்தூல் அக்கா:
முடியும். மெழுகு பிளாக்கைத் தூக்கிப்போட மாட்டார்கள், அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம். அப்பாவை மறுபடி குத்த வேண்டியதில்லை.

கீமோ பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக, இரண்டாம் கட்டத்தில் அந்த நான்கில் ஏதாவது ஒரு புரதம் இல்லாத கட்டி என்றால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பெரிதாகப் பலனும் இல்லை. அதனால்தான் கீமோவுக்குத் தேதி குறிக்கும் முன்பே இதைக் கேட்கச் சொல்கிறேன். 19 கணுக்கள் பார்த்திருப்பதும் நல்லது, குறைந்தது 12 வேண்டும் என்பார்கள். ரத்தக் குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கிறதா என்ற வரியையும் பாருங்கள். லிம்போசைட் எவ்வளவு இருந்தாலும் அது இருந்தால் டாக்டர் கணக்கில் எடுப்பார்.

எம்எல்எச்1 இல்லை என்று வந்தால் உடனே பரம்பரை நோய் என்று பயந்துவிடாதீர்கள். இந்த வயதில் பெரும்பாலும் அந்த ஜீன் தானாக அணைந்துபோனதாக இருக்கும். கட்டியில் பிராஃப் என்ற ஜீன் மாறியிருக்கிறதா என்று டெஸ்ட் போட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். எம்எஸ்எச்2 இல்லையென்றால், பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறி சந்தேகம் வலுக்கும். அப்போது நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. டாக்டரிடம் போகும்போது அவரும் கூட இருக்கட்டும்.