புதுப்பிப்பு: சோ மோரிரி ஏரி, காற்றும் உயரமும்

சென்னையிலிருந்து லடாக்கின் சோ மோரிரி ஏரிக்குப் போக ஒரு பயணத் திட்டத்தை முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி அங்கே அடிக்கும் காற்றைப் பற்றி, அதனால் அதுவே முதலில்.

ஏரி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, மதியத்துக்கு மேல் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். தண்ணீரில் மலை தெரியும் படம் வேண்டுமா? காலை 8 மணிக்குள் கரையில் நில்லுங்கள். ஸ்வெட்டர் மட்டும் உதவாது. பின்னலின் கண் வழியே காற்று புகுந்துவிடும். மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் கட்டாயம். கூடார ஆசையை விடுங்கள்: ஏரி ராம்சார் ஈரநிலம் (சர்வதேச ஒப்பந்தப்படி பாதுகாக்கப்படுவது), சரளை மண்ணில் கூடார முளைக்குச்சியும் நிற்காது. ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் கிராமத்து ஹோம்ஸ்டே போதும்.

லடாக்கின் லே நகருக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். அதற்கும் மதியக் காற்றே காரணம். ஆகவே முந்தைய இரவே டெல்லி சேர்ந்துவிடுங்கள்.

அடுத்து உயரம். லே 3,500 மீட்டர். உடம்பு உயரத்துக்குப் பழக அங்கே முழுதாக 2 நாள் ஓய்வு. அடுத்து நேராக ஏரிக்கு ஏறாமல், வழியில் சுமார் 4,000 மீட்டரில் உள்ள சுமதாங் கிராமத்தில் ஓர் இரவு. அவசரக்காரர்கள் வெட்டுவது இந்த இரவைத்தான், தலைவலி வருவதும் அதனால்தான். உயர நோயைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு வழக்கமாக 125 மி.கி., இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. டாக்டரைக் கேட்டே போடுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் சொல்லிவிடுங்கள். தள்ளாட்டமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்குங்கள்.

தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும். கேம்பிங் அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.