பைத்தானிலிருந்து எஃப்எஃப்எம்பெக்: நீளமான வீடியோ என்றால் மட்டும் பாதியில் நிற்கிறது

கேள்வி:
உபுண்டு, பைத்தான் 3.10. ஒரு ஃபோல்டரில் உள்ள வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் நிரல்) மூலம் எம்பி4 ஆக மாற்றும் ஸ்கிரிப்ட். அதை ஓட்டுவது சப்பிராசஸ் மாட்யூலின் பீஓப்பன், ஷெல்=ட்ரூ (கட்டளை ஷெல் வழியாக ஓடும்); எஸ்டிடிஅவுட் (வெளியீடு), எஸ்டிடிஎர்ர் (செய்திகள், பிழைகள்) இரண்டுக்கும் பைப் (என் ஸ்கிரிப்ட் படிப்பதற்கான குழாய்). அடுத்த வரியிலேயே வெயிட்(), அது முடியும்வரை காத்திருக்க. கட்டளையின் கடைசியில் && போட்டு எம்வி-யால் பெயர் மாற்றுகிறேன். குட்டி வீடியோக்கள் ஓடிவிடுகின்றன. ஒரு மணி நேரப் பதிவு என்றால் நடுவில் நின்றுவிடுகிறது; எர்ரர் இல்லை, சிபியுவும் சும்மா இருக்கிறது. டைம்அவுட் வைத்து கில்() அழைத்தாலும் பிஎஸ்-இல் (ஓடும் நிரல்களின் பட்டியல்) எஃப்எஃப்எம்பெக் அப்படியே தெரிகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
வெயிட்டில்தான். லினக்ஸ் பைப் ஒன்று வழக்கமாகக் கொள்வது 65,536 பைட். ஃப்ரேம் எண், வேகம், பிட்ரேட் என்று எஃப்எஃப்எம்பெக் பேசுவதெல்லாம் எஸ்டிடிஎர்ரில் போய் விழும். அதை நீங்கள் படிக்கவே இல்லை. பைப் நிரம்பியதும் அது எழுத முடியாமல் காத்திருக்கும். அது முடியட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். குட்டி வீடியோ 64 கேபிக்குள் பேசி முடித்துவிடுவதால் தப்பிக்கிறது. நின்றிருக்கும்போது அதன் பிஐடியை (பிராசஸ் எண்) எஸ்ட்ரேஸ் -எஃப் -பி-க்குக் (நிரல் கர்னலிடம் கேட்பதைக் காட்டும் கருவி) கொடுத்துப் பாருங்கள்: ரைட்(2, … என்று ஒரு வரி முடியாமல் தொங்கும். அந்த 2தான் எஸ்டிடிஎர்ர்.

உடனடித் தீர்வு, வெயிட்டை எடுத்துவிட்டு கம்யூனிகேட்(). இரண்டு பைப்பையும் சேர்த்தே காலி செய்யும், ஆனால் எல்லாவற்றையும் மெமரியில் தேக்கும். எஃப்எஃப்எம்பெக்குக்கு நான் எஸ்டிடிஎர்ரை நேராக ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிடச் சொல்வேன். பைப்பே இல்லையென்றால் அடைப்பும் இல்லை.

எஸ்டிடிஇன்-ஐ (உள்ளீடு) டெவ்நல் (எதுவும் வராத வெற்று மூலம்) ஆக்க மறக்காதீர்கள், கட்டளையில் -ஒய் (கேட்காமலே மேலெழுது) சேருங்கள். இல்லாவிட்டால் அதே பெயரில் ஃபைல் இருந்தால் மேலெழுதலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கேள்வியும் உங்கள் பைப்புக்குள் போய்விடும், கண்ணில் படாது.

பதில் 2:
கில்() பலிக்காததற்குக் காரணம் வேறு. ஷெல்=ட்ரூ என்றால் உங்கள் பிள்ளை ஷெல்; எஃப்எஃப்எம்பெக் பேரப்பிள்ளை. கில்() ஷெல்லை மட்டும் கொல்லும். (கட்டளை ஒன்றே ஒன்று என்றால் பல ஷெல்கள் எக்ஸெக் செய்து அதுவாகவே மாறிவிடும். அப்போது கில்() வேலை செய்வதுபோல் தோன்றும். && வந்ததும் குட்டு உடையும்.)

ஓஎஸ்.கில்பிஜி-யால் பிராசஸ் குரூப்போடு (ஒன்றாகச் சிக்னல் பெறும் பிராசஸ்களின் குழு) சேர்த்து நிறுத்தலாம்.

கேட்டவர்:
கம்யூனிகேட் போட்டதும் ஓடுகிறது, நன்றி. ஆனால் கெட்பிஜிஐடி-யால் குரூப் எண்ணை எடுத்து கில்பிஜி அழைத்தால் என் ஸ்கிரிப்ட்டும் சேர்ந்து செத்துவிடுகிறது!

பதில் 2:
பிள்ளை உங்கள் குரூப்பிலேயே பிறக்கிறது, அதனால்தான். பீஓப்பனில் ஸ்டார்ட்_நியூ_செஷன்=ட்ரூ கொடுங்கள்; அப்போது அதன் பிஐடியே குரூப் எண். ஆனால் அதன் பிறகு டெர்மினலில் அடிக்கும் கன்ட்ரோல்-சி அதற்குப் போகாது. ஃபைனலி பகுதியில் நீங்களே நிறுத்த வேண்டும்.

பதில் 3:
இந்த வேலைக்கு குரூப்பெல்லாம் எதற்கு? ஷெல்லைத் தூக்குங்கள். ஆர்கியூமென்ட்களை லிஸ்ட்டாகக் கொடுங்கள், பெயர் மாற்ற ஓஎஸ்.ரீப்ளேஸ் இருக்கிறது. ஃபைல் பெயரில் ஸ்பேஸோ ஒற்றை மேற்கோளோ வந்தாலும் உடையாது; கில்()-உம் சரியான ஆளுக்கே போகும்.

ஆனால் எடுத்த எடுப்பில் கில்() வேண்டாம். அது அனுப்புவது சிக்கில், நிரலுக்கு அவகாசமே தராமல் கொல்லும் சிக்னல். வழக்கமான எம்பி4-இல் மூவ் ஆட்டம் (ஃபைலின் உள்ளடக்க அட்டவணை) கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் வெட்டினால் அந்த ஃபைலை எந்தப் பிளேயரும் திறக்காது. முதலில் டெர்மினேட்(), பிறகு வெயிட்(டைம்அவுட்=10). டெர்மினேட்() அனுப்பும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) வந்தால் எஃப்எஃப்எம்பெக் ஃபைலை ஒழுங்காக மூடிவிட்டு 255 என்று வெளியேறும். பத்து வினாடியில் அசையவில்லையென்றால் கில்(), அதன்பின் இன்னொரு வெயிட்(). அந்தக் கடைசி வெயிட்டை விட்டால் பிஎஸ்-இல் டீஃபங்க்ட் என்று ஸோம்பி (செத்தும் பட்டியலில் நீங்காத பிராசஸ்) தங்கும். ரிட்டர்ன்கோட் -9 என்றால் சிக்கில்லில் செத்தது என்று அர்த்தம். ரிட்டர்ன்கோட் 0 என்றால் மட்டும் பெயர் மாற்றுங்கள்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்ட வேண்டுமானால் -ப்ராக்ரஸ் பைப்:1 சேர்த்து எஸ்டிடிஅவுட்டை வரி வரியாகப் படியுங்கள். அதில் அவுட்_டைம்_எம்எஸ் என்று வருவது மில்லி வினாடி இல்லை, மைக்ரோ வினாடி. பெயரை நம்பி 1000-ஆல் வகுக்காதீர்கள்.