மறுமொழி: என்ஜின் ஸ்வாப் – ‘ஒட்டுப்பொறி’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘என்ஜின் ஸ்வாப்’ என்பதற்குத் தமிழில் ‘பொறி மாற்றம்’ என்றாலே போதும் என்று இந்த இழையில் முன்பு எழுதியவர் சொல்லியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பட்டறையில் நடக்கும் மூன்று வெவ்வேறு வேலைகளை அந்த ஒரே சொல் விழுங்கிவிடும்.

எம்ஜி பி காரை எடுத்துக்கொள்வோம். 1962-இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான்கு சிலிண்டர், 1798 சி.சி. அந்த என்ஜின் தேய்ந்தால் அதே வகையில் இன்னொன்றை வைப்பது ஒரு வேலை. அதே என்ஜினின் சிலிண்டர் துளைகளைக் கடைந்து பெரிதாக்கி (ரீபோர்) 1950 சி.சி.க்குக் கொண்டுபோவது இன்னொன்று. அதைக் கழற்றிவிட்டு ரோவர் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் வி8 என்ஜினை ஏற்றுவது மூன்றாவது. ஸ்வாப் என்பது இந்தக் கடைசி வேலைதான். எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை 3528 சி.சி. வி8 வைத்து ஜிடி மாடலைச் செய்தது. கொள்ளளவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் அலுமினிய என்ஜின் என்பதால், பழைய வார்ப்பிரும்பு என்ஜினைவிட எடை பெரிதாகக் கூடவில்லை. இருந்தாலும் என்ஜினைத் தாங்கும் மவுண்ட், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் புது என்ஜினுக்கு இசைய வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் தண்டில் இடிக்கக் கூடாது. வேகத்துக்கு ஏற்ற பிரேக் வேண்டும். வேலையின் உயிரே இந்த இசைவில்தான் இருக்கிறது. ‘மாற்றம்’ அதைச் சொல்லவில்லை.

நான் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோடு பக்கம். முதலமடை மாந்தோப்புகள் அருகில்தான். ஒட்டுக்கன்று என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வேர் ஒரு மரத்தினுடையது, தண்டு வேறொன்றினுடையது, இரண்டும் கூடி ஒரே மரமாய்க் காய்க்கும். அதனால்தான் ‘ஒட்டுப்பொறி’ என்கிறேன். ஒட்டுக்குச்சி எடுக்கும் மரம் தாய்மரம். அப்படியே என்ஜினைக் கொடுக்கும் வண்டி ‘தாய்வண்டி’. வினைக்கு ‘ஒட்டுப்பொறி ஏற்றுதல்’. தமிழக எல்லையில் உள்ள கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்கு இரு பக்கமும் தமிழ் மெக்கானிக்குகள் ‘என்ஜின் ஏத்துறது’ என்றுதான் சொல்கிறார்கள். நல்ல சொல், அதைக் கைவிட வேண்டாம்.

அப்புறம் மற்ற இரண்டு: அதே வகை வைத்தால் ‘பொறி மாற்று’, உள்ளதன் திறனைக் கூட்டினால் ‘பொறி மேம்பாடு’.

‘ஒட்டு’ என்றதும் பசை நினைவுக்கு வரும் என்று சிலர் சொல்லக்கூடும். ஒட்டுமா, ஒட்டுரகம் எல்லாம் வழக்கில் வேரூன்றியவை. அந்தக் குழப்பம் வராது. ‘பொறி’ தீப்பொறியையும் குறிக்குமே என்றால், அங்கே ‘தீப்பொறி’ என்று முழுதாக எழுதிவிடலாம்.

இந்தப் பிரிப்பு காகித வேலைக்கும் வேண்டும். ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) என்ஜின் எண், சி.சி., எரிபொருள் எல்லாம் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவுப்படி என்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜின் ஏற்றுவதும், தேய்ந்த என்ஜினுக்குப் பதில் அதே வகை வைப்பதும் விண்ணப்பத்தில் ஒரே பெயரில் போகக் கூடாது.

கியர்பாக்ஸோடு சேர்த்து ஏற்றினால் தனிச்சொல் வேண்டுமா? வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. பட்டறைக்காரர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.