மழை விட்டதும் செம்மண் பாதையில் கூட்டமாக ஓடுவது பற்றி: ஷூ, வழுக்கல், எலிக்காய்ச்சல்

கோரிமேடு_ஞாயிறு:
புதுச்சேரியில் நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிறோம். இதுவரை கடற்கரைச் சாலைதான். காலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் தொல்லை இல்லை, ஆனால் காந்தி சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லோருக்கும் சலித்துவிட்டது. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் காட்டுப்பாதையில் நடக்கும், அதில் ஓடுவதாக இருந்தால் இப்போதே மண்ணில் ஓடிப் பழக வேண்டும் என்று ஒருத்தர் கிளப்பிவிட, போன வாரம் மழை விட்ட மறுநாளே ஆரோவில் பக்கம் போனோம். செம்மண் ஷூ அடியில் அப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு செங்கல் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் சறுக்கி உட்கார்ந்தே விட்டார், அடி ஒன்றும் இல்லை.

இப்போது கூட்டத்தில் ஒரே சண்டை. இதற்கென்று தனி ஷூ வாங்கியாக வேண்டும் என்கிறார் ஒருவர். ஷூவே வேண்டாம், சேற்றில் வெறுங்காலுக்குத்தான் பிடிப்பு என்கிறார் இன்னொருவர். வீட்டில் அம்மா எலிக்காய்ச்சல் வரும், போகவே கூடாது என்கிறார். இது போக, வேகமாக ஓடுகிறவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள், பின்னால் வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோட்டக்கரை_செம்மண்:
மழை விட்ட மறுநாளே போனதுதான் கோளாறு. அந்த மேட்டு மண்ணில் மேலாக ஒரு விரல்கடை மட்டும் ஊறிக் குழைந்திருக்கும், அடியில் கெட்டியாக இருக்கும். கால் வைத்தால் மேல்தோல் தனியாக நழுவும். நல்ல வெயில் ஒரு நாள் அடித்துவிட்டால் போதும், மணல் கலந்த இடமெல்லாம் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்கிற நிலையில் இருக்கும் செம்மண்ணைப் போல ஓடுவதற்கு சுகமான தரை வேறு கிடையாது, தார் ரோட்டில் முட்டி வலிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஷூ விஷயம். அடியில் பற்கள் நாலு, ஐந்து மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பற்கள் தள்ளித் தள்ளி இருப்பது. நெருக்கமாக இருந்தால் மண் நடுவில் அடைத்துக்கொண்டு கொஞ்ச தூரத்திலேயே சாதாரண ஷூ ஆகிவிடும். தண்ணீர் புகாத ஷூ என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள், நம் ஊர் மழைக்கு அது வேண்டவே வேண்டாம். கணுக்கால் வழியாக உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே நிற்கும். மேல்துணி வலைபோல இருந்தால் நனைந்தாலும் வடிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கிற அட்டையை உருவி எடுத்துவிட்டுக் கழுவி, பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டால் பசை விட்டுக்கொள்ளும்.

ஓடும்போது எட்டு வைப்பதைச் சின்னதாக வையுங்கள், கால் உடம்புக்கு நேர் கீழே விழட்டும். இறக்கத்தில் குதிகாலை ஊன்றி வேகத்தை அடக்கப் பார்ப்பவர்தான் முதலில் விழுவார்.

இன்னொன்று, அங்கே காட்டுக்குள் சின்னச் சின்னதாக மண் கரைகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் செம்மண்ணை அரித்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போன பொட்டல் அது. 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு அங்கே குடியேற வந்தவர்கள் கரை போட்டு, மரம் நட்டு மண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது அந்தக் கரை மேல் ஏறி ஓடாதீர்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், எந்தப் பாதையில் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

மஞ்சக்குப்பம்_நர்ஸ்:
உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. எலிக்காய்ச்சல் எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வருவது. காலில் வெட்டு, சிராய்ப்பு, ஷூ கடித்த புண் இருந்தால் அது வழியாகக் கிருமி உள்ளே போகும். காட்டுப்பாதைச் சேற்றைவிட எனக்குப் பயம், நீங்கள் அங்கே போய்ச் சேரும் வழியில் சாக்கடை கலந்து தேங்கி நிற்கும் தெருத் தண்ணீர்தான். அதில் இறங்காதீர்கள். புண் இருக்கும் வாரம் ஓட்டத்துக்கு லீவு விடுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் காய்ச்சலில் கெண்டைக்கால் சதை கடுமையாக வலிக்கும். ஓடியதால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு இதெல்லாம் கூட இருந்தால் உடனே டாக்டரிடம் போய் "சேற்றில் ஓடினேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அதற்குள் ஓடியதே மறந்துபோயிருக்கும். மெடிக்கலில் கேட்டு நீங்களாக மாத்திரை போட வேண்டாம்.

வெறுங்கால் நண்பருக்கு: சீமைக்கருவேல முள் சேற்றுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, செருப்பையே துளைக்கிற முள் அது. டிடி ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் கண்ணாடி விரியனும் திரியும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் படுக்க வைத்து 108க்கு போன் செய்யுங்கள். உங்களுக்கு ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது.

பாகூர்_வயல்:
ஷூ, மாத்திரை எல்லாம் பேசிவிட்டீர்கள், சரி. எங்கள் பக்கம் ஓட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன் தம்பி. சம்பா நிற்கிற நேரத்தில் வரப்பில் ஓடாதீர்கள். போட்டோவில் பச்சைப் பசேல் என்று நன்றாகத்தான் இருக்கும். ஈர வரப்பில் வரிசையாகப் பத்துப் பேர் தொம் தொம் என்று போனால் விளிம்பு சரிந்து மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். அன்று காலையில்தான் உரம் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து போகும். நாங்கள் மண்வெட்டியோடு போய் மறுபடி அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்களும் அதில் நடக்கிறோம், ஆனால் எங்கே மடை, எங்கே நண்டு வளை என்று தெரிந்து நடக்கிறோம். ஏரிக்கரையில் வண்டி போகிற பாதை இருக்கிறது, அதில் ஓடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வெர்மான்ட்_கடலூரான்:
நான் இப்போது இருப்பது அமெரிக்காவில், வெர்மான்ட்டில். இங்கே சேறு வருவது வசந்தத்தில். பனி உருகும்போது மேல்மண் இளகிவிடும், அடிமண் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் இறங்க இடமில்லாமல் பாதை முழுக்கக் கூழாகிவிடும். மலைப்பாதைகளைப் பராமரிக்கிற கிரீன் மவுண்டன் கிளப், மே கடைசி வரை உயரமான பாதைகள் பக்கம் வராதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறது. அதனால் வசந்தத்தில் நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து தாழ்வான மண் ரோடுகளில்தான் ஓடுவோம்.

இங்கே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், குட்டை வந்தால் ஓரமாக ஒதுங்காதே, நடுவிலேயே போ என்பது. எல்லோரும் ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும், ஓரத்துச் செடியெல்லாம் செத்துவிடும். கூட்டத்துக்கு எங்கள் வழக்கம் இது: திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். வந்தவுடனே கிளம்பினால் நின்றவருக்கு மட்டும் ஓய்வு, பாவம் கடைசி ஆளுக்கு எப்போதுமே கிடையாது.

கோட்டக்கரை_செம்மண்:
திருப்பத்தில் நிற்பது நல்ல யோசனை. ஆனால் நடுவில் போ என்பதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிப்புப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கணுக்கால் ஆழமா இடுப்பு ஆழமா என்று தெரியாது. பழகிய பாதையில் நடுவில் போங்கள். புதுப் பாதை என்றால் முதல் ஆள் நின்று குச்சி விட்டுப் பார்க்கட்டும், ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

கோரிமேடு_ஞாயிறு:
எல்லோருக்கும் நன்றி. வெறுங்கால் நண்பருக்கு நர்ஸ் அக்கா எழுதியதை அனுப்பினேன், ஊசி போட்டது பள்ளிக்கூடத்தில் என்கிறார். பாகூர் அண்ணா, வரப்புப் பக்கம் வரமாட்டோம். இந்த வாரம் வானிலை அறிக்கையில் மறுபடி மழை போட்டிருக்கிறது, அதனால் கடற்கரைச் சாலையேதான். அடுத்த வாரம் காய்ந்தால் செம்மண். காலை ஐந்து மணிக்கே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பலாமா?

கோட்டக்கரை_செம்மண்:
வேண்டாம். மார்கழியில் ஆறேகாலுக்கு மேல்தான் வெளிச்சம் நன்றாக வரும், அப்போது கிளம்புங்கள். எட்டுக்குள் முடித்துவிடலாம்.