‘மப’ என்றால் என்ன அலகு, சார்?

தருமபுரி, இயற்பியல் ஆசிரியர்:

பென்னாகரம் பக்கமிருந்து வரும் என் மாணவர்களில் பாதிப் பேரிடம் இருப்பது போன் மட்டும்தான். ஏ4 பக்க பி.டி.எஃப்.பைப் பஸ்ஸில் இடமும் வலமுமாக இழுத்து இழுத்துப் படிப்பார்கள். பென்னாகரத்தில் ஏறினால் இண்டூர் தாண்டுவதற்குள் ஒரு பக்கம் முடிந்தால் அதிகம். நாங்கள் சில ஆசிரியர்கள் எழுதித் திறந்த உரிமத்தில் விட்ட பாடநூல்தான் அது. போன் திரைக்கேற்ப வரி மடங்குகிற இபப் என்ற மின்னூல் வடிவமாக ஆக்கிவிடலாம், ஒரு ராத்திரி வேலை என்று உட்கார்ந்தேன்.

மின்னூல் மாற்றும் காலிபர் மென்பொருளில் போட்டேன். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்துக்கு நடுவே வந்து விழுந்தன. அதைக்கூடத் துடைத்துவிடலாம். தமிழே வரவில்லை! நூல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத்தான் ‘தமிழ்’, கோப்புக்குள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேல் புள்ளியாகத் தெரிகிறது. பாண்டாக் என்ற இன்னொரு கோப்பு மாற்றும் மென்பொருளோ பி.டி.எஃப்.பை உள்ளே வாங்கவே வாங்காது. சரி, மூல வேர்டு கோப்பைத் தேடுவோம் என்று பாலக்கோட்டில் ஓய்வுபெற்ற ஐயா வீட்டுக்குப் போனேன். “இருக்கு தம்பி, எந்தப் பென்டிரைவுலன்னுதான் தெரியல” என்றார். நான்காவதில் இருந்தது.

அவசரத்தில் செய்த தப்பு இது: எழுத்தை மட்டும் நகலெடுத்து, பாமினியைப் பொதுக் குறியீடான யூனிகோடாக்கும் மாற்றியில் மொத்தமாக ஒட்டினேன். எது பாமினி, எது ஆங்கில எழுத்துரு என்ற தகவல் அங்கேயே போய்விட்டது. ஆங்கிலத்தில் இருந்த சென்டிமீட்டர் குறியீடு ‘உஅ’ ஆனது, கிலோகிராம் ‘மப’. பாமினியில் காற்புள்ளி விசைக்கு ‘இ’ என்பதால் 2,000 எல்லாம் ‘2இ000’. நான் கவனிக்காமல் ஒரு பாடத்தை அனுப்பியும் விட்டேன். மறுநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “மப-ன்னா என்ன அலகு, சார்?” என்றாள். புது அலகு கண்டுபிடித்த பெருமை எனக்கு.

அப்புறம் முதலிலிருந்து. வேர்டிலேயே எழுத்துரு வைத்துத் தேடி, பாமினி இருக்கிற இடங்களை மட்டும் மாற்றினேன். தலைப்புகளுக்கு முறையான ஸ்டைல் கொடுத்ததும் பொருளடக்கம் தானாக வந்தது. வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் போட்டவற்றைப் பாண்டாக் ஒழுங்காக மேத்எம்எல் என்ற கணிதக் குறியீட்டு மொழியாக எடுத்துக்கொண்டது, இபப் 3 என்பதால். படமாக ஒட்டியிருந்தவற்றைக் கையால்தான் அடித்தேன். ஒரு ராத்திரி வேலை மூன்று வாரம் ஆனது.

ஓசூர்:

எனக்கு நடந்தது வேறு, சார். இபப் என்பது ஜிப் பொட்டலம்தானே என்று பிரித்து, இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, மறுபடி ஜிப் செய்தேன். என் போனில் திறந்தது, தம்பி போனில் திறக்கவே இல்லை. உள்ளே இருக்கும் ‘மைம்டைப்’ என்ற சின்னக் கோப்பு முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டுமாம். இப்போதெல்லாம் சிகில் என்ற இபப் திருத்தும் மென்பொருளில் திறந்தே திருத்துகிறேன்.

கிருஷ்ணகிரி:

உரிமத்தைப் பற்றி ஒன்று. ‘மாற்றம் கூடாது’ என்று போட்ட நூல் ஒன்றைத் தொடவே பயந்துகொண்டிருந்தேன். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தின் 4.0 பதிப்பில் வடிவத்தை மட்டும் மாற்றுவது தழுவல் ஆகாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. மொழிபெயர்த்தால்தான் சிக்கல்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் பார்வையில்லாத மாணவர் ஒருவர் போனை வாசிக்கவிட்டுக் கேட்பார். மீயொலிப் பாடத்தில் ‘வௌவால்’ வரும் இடமெல்லாம் போன் ‘வெள-வால்’ என்றது. பார்த்தால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரம் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் கோப்பிலும் தேடிப் பாருங்கள், அண்ணா.

தருமபுரி, இயற்பியல் ஆசிரியர்:

இப்போதுதான் பார்த்தேன், அம்மா. எனக்கு நேர்மாறு. பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசை. என் மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வௌவால் பத்திரம். வெள்ளியும் வெள்ளமும்தான் ‘வௌ்ளி’, ‘வௌ்ளம்’ என்று கிடக்கின்றன.