மறு: ‘ஈஸ்டர் எக்’ – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

காணொளி விளையாட்டுகளில் உருவாக்கியவர்கள் ஒளித்து வைக்கும் வேடிக்கைகளை ஆங்கிலத்தில் ‘ஈஸ்டர் எக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். ஈஸ்டர் முட்டை, மறைமுட்டை, புதையல், மறைபொருள், உள்ளுறை என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுகூட முழுதாகப் பொருந்தவில்லை. குறை சொற்களில் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு வேறு வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> மூலத்தில் முட்டைதானே இருக்கிறது? ‘ஈஸ்டர் முட்டை’ என்றே வைத்துவிடலாமே.

நான் அப்படித்தான் வைத்தேன். யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கட்டற்ற விளையாட்டின் இடைமுகத்தை, அதாவது திரையில் வரும் சொற்களை, தமிழாக்கியபோது, அமைப்புகள் பக்கத்தில் ‘ஈஸ்டர் முட்டைகளைக் காட்டு’ என்று எழுதினேன். அதை விளையாடிப் பார்த்த ஒரு சிறுமி, எல்லாக் கட்டங்களையும் முடித்துவிட்டு, “முட்டை எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அந்த விளையாட்டில் முட்டை என்று எதுவுமே கிடையாது. அவள் தேடியதில் தவறில்லை, நான் எழுதியதுதான் தவறு. அன்றிலிருந்து இந்தச் சொல் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிகிறது. அமெரிக்க விளையாட்டு நிறுவனமான அட்டாரி அந்தக் காலத்தில் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை வெளியிடாது. 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், யாரிடமும் சொல்லாமல் அதற்குள் ஓர் அறையை ஒளித்து வைத்தார். கறுப்புக் கோட்டைக்குள் ஒரே ஒரு படப்புள்ளி அளவில் சாம்பல் நிறப் பொட்டு ஒன்று கிடக்கும். தரையின் நிறமும் அதேதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு பொற்கோட்டைக்குக் கீழே உள்ள வழிக்குப் போய், அங்கே வேறு பொருள்களையும் சேர்த்து வைத்தால் சுவர் மினுமினுக்கும், அதன் ஊடே நுழைந்துவிடலாம். உள்ளே ‘உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று ஆங்கிலத்தில் மின்னும். மொத்த விளையாட்டுக்கும் இருந்த இடமே 4 கிலோபைட்தான். அதிலும் ஒரு பங்கைத் தன் பெயருக்கு ஒதுக்கியிருக்கிறார். பெயர் போடாததில் அவருக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும் என்று அதிலிருந்தே தெரிகிறது.

விளையாட்டு விற்பனைக்கு வந்த பிறகு, விளையாடிய ஒரு பையன் இதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கே கடிதம் எழுதினான். அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார். அப்போது அங்கே மென்பொருள் பிரிவைக் கவனித்த ஸ்டீவ் ரைட்தான், அறையை நீக்க வேண்டாம், இனி வரும் விளையாட்டுகளிலும் இப்படி வைக்கலாம் என்று சொல்லி, அதை ஈஸ்டர் முட்டைக்கு ஒப்பிட்டார். ஈஸ்டர் பண்டிகையின்போது பெரியவர்கள் முட்டையை ஒளித்து வைக்கிறார்கள், பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். அவர் கண்டது அந்தத் தேடலை. முட்டை அங்கே ஓர் அடையாளம் மட்டும். ஆகவே தமிழில் நாம் கொண்டுவர வேண்டியதும் ஒளித்தல், இருத்தல், தேடிக் காணுதல் ஆகிய மூன்றைத்தான். முட்டையைக் கொண்டுவந்து பயனில்லை. இதே காரணத்தால் ‘மறைமுட்டை’யும் எனக்கு ஒப்பவில்லை.

‘புதையல்’ நல்ல சொல், எல்லாருக்கும் புரியும். ஆனால் விளையாட்டுகளில் புதையல் என்பது ஏற்கெனவே ஒரு பொருள். பெட்டியைத் திறந்தால் பொற்காசு வருமே, அது. இரண்டும் ஒரே திரையில் வந்தால் குழப்பம்தான். ‘மறைபொருள்’ என்றதும் மெய்யியல் நினைவுக்கு வந்துவிடுகிறது, விளையாட்டின் குறும்பு அதில் இல்லை. ‘உள்ளுறை’ பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பரிந்துரை: கரந்துறை. கரந்து உறைவது, அதாவது ஒளிந்து இருப்பது.

புதிதாக நான் செய்த சொல் இல்லை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல், எழுத்துகளை வைத்து விளையாடும் பாட்டு வகைகளான சித்திரகவிகளை வரிசையாகச் சொல்லும்போது ‘கரந்துறைச் செய்யுள்’ என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு செய்யுளின் எழுத்துகளும் இருக்கும், பொறுக்கி எடுத்தால் இரண்டாவது பாட்டு வெளியே வரும். வெளிப்பாட்டை மட்டும் படிப்பவருக்கும் பொருள் குறைவுபடாது. உள்ளே இன்னொன்று இருப்பதைக் கண்டவருக்குக் கூடுதலாக ஓர் இன்பம். ராபினெட் செய்ததும் இதுவேதான். அறையைக் காணாமலே விளையாட்டை முடித்துவிடலாம், எந்தக் குறையும் இல்லை. நம் புலவர்கள் பாட்டில் செய்து, பெயரும் வைத்து, இலக்கணமும் எழுதிவிட்ட ஒன்றுக்கு நாம் முட்டையைத் தேடிப் போக வேண்டுமா? இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

அதே பட்டியலில் ‘காதை கரப்பு’, ‘கூட சதுக்கம்’ என்று மறைத்து வைக்கும் வகைகள் இன்னும் உண்டு. கூட சதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்திருக்கும். ‘கூடம்’ என்று தனியே எடுத்தால் பெரிய அறை என்றுதான் இன்று எல்லாரும் புரிந்துகொள்வோம். ‘கரப்பு’ என்றால் கரப்பான்பூச்சிதான் நினைவுக்கு வரும். ‘கரவு’ எடுக்கலாமா என்றும் யோசித்தேன். அதில் வஞ்சகத்தின் சாயல் இருக்கிறது, ஆத்திசூடியின் ‘இயல்வது கரவேல்’ வேறு நினைவுக்கு வரும். கொடுக்காமல் ஒளிப்பது அது. நாம் பேசுவதோ, கண்டெடுக்கட்டும் என்றே ஒளித்து வைப்பது. ‘கரந்துறை’யில் அந்தச் சிக்கல் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘உறை’ என்ற பகுதி. உறைதல் என்றால் தங்கியிருத்தல், வாழ்தல். அட்டாரியின் ‘ஸ்டார்ஷிப் 1’ என்ற காசு போட்டு ஆடும் விளையாட்டு 1977இல் வந்தது. அதன் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால், உருவாக்கிய ரான் மில்னருக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரி திரையில் வரும். இது 2017இல்தான் பொதுவெளிக்கு வந்தது. 40 ஆண்டு அந்த ஒரு வரி அந்தப் பெட்டிகளுக்குள் யாரும் காணாமல் குடியிருந்திருக்கிறது. 2009இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ விளையாட்டில் சிறை அதிகாரியின் அலுவலகச் சுவருக்குப் பின்னால், அடுத்த பாகத்துக்கான வரைபடத்தோடு ஓர் அறை இருந்தது. மாதக்கணக்கில் யாரும் காணாததால் உருவாக்கியவர்களே வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. யாராவது கண்டால்தான் அது கரந்துறை என்றில்லை, காணாதபோதும் அங்கே இருக்கிறது. ‘புதிர்’, ‘தேடல்’ போன்ற சொற்களால் இதைச் சொல்ல முடியாது. கரந்து உறைகிறது என்றால் சரியாக வருகிறது.

எவை கரந்துறை அல்ல என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் சுவருக்குள் புகுந்தால் வரும் முடிவில்லாத நீர்க்கட்டம், நிரலில் இருந்த வழுவால் வந்தது. யாரும் வைத்ததில்லை, அதனால் கரந்துறையும் இல்லை. ‘கொனாமி கோட்’ எனப்படும் பொத்தான் வரிசையை ‘கிராடியஸ்’ விளையாட்டைச் சோதிக்க எளிதாக இருக்கட்டும் என்று கசுஹிசா ஹஷிமோட்டோ சேர்த்தார். ஆட்டத்தில் கூடுதல் பலம் தருவதுதான் அதன் வேலை. அதற்குக் ‘குறுக்குவழி’ போதும். வைத்தவரின் எண்ணமும், ஆட்டத்துக்குத் தேவைப்படாத தன்மையும் இரண்டும் இருந்தால்தான் கரந்துறை.

> திரைப்படம், வேறு விளையாட்டு இவற்றை நினைவூட்டும் இடங்களையும் எல்லாரும் ஈஸ்டர் எக் என்றுதானே சொல்கிறார்கள்?

ஆம், சொல்கிறார்கள். இரண்டாம் சொல் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். 1998இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் கோட்டைத் தோட்டத்துச் சன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே மாரியோ விளையாட்டுகளின் பாத்திரங்களான மாரியோ, லூயிஜி, யோஷி படங்கள் சுவரில் தொங்கும். 2011இன் ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் மிக உயர்ந்த மலை முகட்டில் ஒரு வெட்டுக்கோடரி பாறையில் குத்தியிருக்கும், அதன் பெயரில் ‘மைன்கிராஃப்ட்’டை உருவாக்கியவரின் புனைபெயர் ஒலிக்கும். இவை ஒதுக்குப்புறமாக இருக்கின்றன, உண்மை. ஆனால் கண்ணால் கண்ட எல்லாருக்கும் புரிவதில்லை. மைன்கிராஃப்ட் தெரியாதவருக்கு அது வெறும் கோடரி. முதல் வகையில் பொருள் ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் பொருள் எதிரிலேயே இருக்கும், தொடர்புதான் ஒளிந்திருக்கும்.

‘மேற்கோள்’ இதற்கு ஆகாது. அது பெயர் சொல்லி எடுத்துக்காட்டுவது. ‘உள்ளுறை’ பொருளளவில் அருகில் வருகிறது, அறிந்தவர் மட்டும் உணரும் பொருள்தானே உள்ளுறை. ஆனால் இயற்பியல் பாடநூல்களில் உள்ளுறை வெப்பம் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. சில நூல்களில் உள்ளடக்கப் பட்டியலுக்கும் அதுவே தலைப்பு. தவிர, கரந்துறை, உள்ளுறை என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் மாறிப்போகும்.

‘சாடை’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சில் எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘சாடையாகச் சொன்னான்’ என்றால் நேரடியாகச் சொல்லாமல் புரிகிறவருக்குப் புரியட்டும் என்று சொன்னான். ‘அப்பா சாடை இருக்கிறது’ என்றால் முகம் ஒத்திருக்கிறது. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கு வேறொரு கதைப் பாத்திரத்தின் சாடை இருக்கும், அதுவே உருவாக்கியவர் காட்டும் சாடையும் ஆகும். சாடை பேசுவது என்றால் குத்திக்காட்டுவது என்றும் ஒரு பொருள் இருப்பது தெரியும். பல விளையாட்டுச் சாடைகள் செல்லமான கேலிதான் என்பதால் அது இடைஞ்சலாக எனக்குத் தோன்றவில்லை. தெளிவு வேண்டிய இடத்தில் ‘பண்பாட்டுச் சாடை’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டையும் பிரிப்பது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டில், இத்தகைய வேடிக்கைச் சாடைகள் வேண்டுமா வேண்டாமா என்று ஆடுபவரே தொடக்கத்தில் தேர்ந்துகொள்ள ஓர் இயல்பு (தன் பாத்திரத்துக்குத் தரும் தன்மை) உண்டு. தேர்ந்தெடுத்தால், பாழ்நிலத்தில் கிடக்கும் ஒரு குளிர்பெட்டிக்குள் தொப்பியோடு ஓர் எலும்புக்கூடு இருக்கும். இண்டியானா ஜோன்ஸ் படம் பார்த்தவருக்குச் சட்டென்று பிடிபடும். தேர்ந்தெடுக்காவிட்டால் அது வராது. இப்படி ஓர் இயல்பின் விளக்கத்தைத் தமிழாக்க ‘சாடைகள்’ வேண்டும், ‘கரந்துறைகள்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.

இரண்டும் சேர்ந்தே வரும் இடங்களும் உண்டு. 1994இன் ‘டூம் 2’ கடைசி அரக்கனின் சுவருக்குப் பின்னால், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலை இருக்கிறது. உடன் வேலை செய்தவர்கள் அவருக்குத் தெரியாமல் வைத்தது. அதைக் கண்டுபிடித்த ரொமேரோ, தன்னைக் கொன்றால்தான் ஆட்டம் முடியும் என்று பேசிப் பதிந்து, அந்த ஒலியைத் தலைகீழாகத் திருப்பி அரக்கனின் குரலாகச் சேர்த்துவிட்டார். தலை கரந்துறை, குரலும் கரந்துறை. அந்த விளையாட்டின் இரகசியக் கட்டங்களில் நிறுவனத்தின் பழைய ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ அரங்குகள் வருவதோ சாடை.

> கரந்துறை என்றால் இளையவர்களுக்குப் புரியுமா?

முதல்முறை புரியாது. ‘உலாவி’யும் ‘செயலி’யும்கூட முதல்முறை யாருக்கும் புரிந்திருக்காது. பயன்படுத்தப் பயன்படுத்தப் பழகின. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ‘இந்தக் கட்டத்தில் ஒரு கரந்துறை இருக்கிறது.’ ‘கரந்துறை வேட்டைக்குப் போகலாமா?’ ‘அவர்கள் வைத்த கரந்துறையை இன்னும் யாரும் காணவில்லை.’ என் காதுக்கு உறுத்தவில்லை. பேச்சில் ஈஸ்டர் எக் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், இடைமுகத்திலும் கட்டுரையிலும் இது நிற்கும்.

ஓர் இடத்தில் மட்டும் நான் இன்னும் முட்டுக்கட்டையில் நிற்கிறேன். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையின் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ விளையாட்டில் பாலத்தின் உச்சியில் ஒரு பலகை உண்டு. அதை ‘இங்கே கரந்துறை எதுவும் இல்லை, திரும்பிப் போ’ என்று தமிழாக்கினால் அப்படியே வேலை செய்கிறது. ஆனால் அதே வரிசையின் ‘வைஸ் சிட்டி’யில் ஒரு கட்டடச் சன்னலுக்குள் தாவினால், பீடத்தின் மேல் நிஜமாகவே சாக்லேட் முட்டை ஒன்று இருக்கும், ஈஸ்டர் வாழ்த்தோடு. அங்கே நகைச்சுவையே ஆங்கிலச் சொல்லின் மேல் நிற்கிறது. அந்த ஒரு முட்டையை என்ன செய்வது என்று யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.